மீனின் இதயம் வளரும், வாப்பாவின் இதயம் வளராது

போன கிழமை தரம் 10 வகுப்பில் இதயம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளை கேட்டான்: "சேர், பல்லிக்கு வால் முளைக்குதே, இதயம் முளைக்காதா?"

நல்ல கேள்வி. சில உயிர்களுக்கு முளைக்கும்.

மீன்தொட்டிக் கடைகளில் நீலக்கோடு போட்ட சின்ன மீன் விற்பார்களே, சீப்ரா மீன், அதற்கு முளைக்கும். கங்கைச் சமவெளியில், நம் இரணைமடு வயல் வாய்க்கால் போன்ற இடங்களில் வாழும் மீன் அது. 2002இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதன் இதயவறையில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டி எடுத்தார்கள். இரண்டு மாதத்தில் அந்த இடத்தில் புதிய தசை வளர்ந்திருந்தது. மிஞ்சியிருந்த தசைக்கலங்களே பிரிந்து பெருகி வெட்டை நிரப்பின. பிறந்து ஒரு நாளான சுண்டெலிக் குட்டிக்கும் இது முடியும் என்று 2011இல் கண்டார்கள். ஆனால் ஏழு நாளாகும்போது அந்த ஆற்றல் போய்விடுகிறது.

மனிதருக்கு? 25 வயதில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 வீதம் இதயத் தசைக்கலங்கள்தான் புதிதாகின்றன. வயது போகப்போக அதுவும் குறையும். மாரடைப்பில் செத்த தசை தழும்பாகிவிடும். தழும்பு சுருங்கி விரியாது, இரத்தத்தைத் தள்ளாது.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. என் வாப்பாவுக்கு ஒரு இரவு நெஞ்சு இறுகியது. "வாய்வுதான்" என்று இஞ்சித் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தார். நாங்களும் நம்பினோம். விடிந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. அல்ஹம்துலில்லாஹ், உயிர் தப்பினார். ஆனால் முன்பு குளக்கட்டு முழுக்க நடந்தவர், இப்போது பாதிப் படியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறார்.

மீனின் இரகசியத்தைப் பல நாடுகளில் ஆராய்கிறார்கள். இந்தியாவில் புனே அகார்கர் ஆய்வு நிறுவனத்திலும் ஆராய்கிறார்கள். ஒரு நாள் மருந்து வரலாம், இன்ஷா அல்லாஹ். அதுவரை நமக்கு இருப்பது நேரம் மட்டுமே. அடைப்பைச் சீக்கிரம் நீக்கினால் தசை சாகாமல் காப்பாற்றலாம். செத்த தசையைத் திருப்பி எடுக்க முடியாது.

அதனால் என் கருத்து இதுதான்: நான்கு அறைகளைப் படம் கீறிப் பெயரிடுவதோடு இதயப் பாடத்தை முடிக்கக் கூடாது. நெஞ்சு இறுக்கம், இடது கைக்கும் தாடைக்கும் பரவும் நோ, குளிர் வியர்வை, இவற்றில் ஒன்று வந்தாலும் "வாய்வு" என்று வீட்டில் காத்திருக்கக் கூடாது என்பதையும் பிள்ளைகள் படித்துப் போய் உம்மா வாப்பாவுக்கு, அம்மா அப்பாவுக்குச் சொல்ல வேண்டும்.

சுவசெரிய அம்புலன்ஸ் இலக்கம் 1990. காசு இல்லை. வடக்கு முஸ்லிம்களான எங்களுக்கு அது ஊரைவிட்டு வெளியேற்றப்பட்ட ஆண்டு, மறக்க முடியாத எண். இனி இதற்காகவும் நினைவில் வைத்திருப்போம்.