வெள்ளைக்கார மருமகள் வீட்டுக்கு வருவாளா?

சினிமாவில் நம்மூர் வாலிபன் வெள்ளைக்காரப் பெண்ணைக் காதலிக்கிறான். பாட்டுப் பாடுகிறான். அவளுக்காகச் சண்டை போடுகிறான். ஜனங்கள் கை தட்டுகிறார்கள். ஆனால் அவளைக் கலியாணம் செய்து, வீட்டுக்கு அழைத்து வந்து, குடித்தனம் நடத்துகிறானா? அதைத்தான் காட்ட மாட்டேன் என்கிறார்கள்.

"மதராசப்பட்டினம்" படம் 2010-ல் வந்தது. விஜய் டைரக்ட் செய்தார். ஆர்யா சலவைத் தொழிலாளி. எமி ஜாக்சன் கவர்னரின் மகள். 1947-ல் சுதந்திரம் வருகிறது. காதலர்கள் பிரிகிறார்கள். அவள் கிழவியான பிறகு அவனைத் தேடிச் சென்னைக்கு வருகிறாள். அதற்குள் அவன் இறந்து விட்டான். படம் பார்த்தவர்கள் கண்ணைத் துடைத்துக் கொண்டு வெளியே வந்தார்கள்.

1973-ல் வந்த "உலகம் சுற்றும் வாலிப"னில் எம்.ஜி.ஆருடன் தாய்லாந்து நடிகை மெட்டா ரூங்ராத் நடித்தார். அந்தப் பெண்ணுக்கு டூயட் பாட்டு கிடைத்தது. தாலி கிடைக்கவில்லை.

2022-ல் வந்த "பிரின்ஸ்" கொஞ்சம் வேறு மாதிரி. சிவகார்த்திகேயன் ஆங்கிலேயப் பெண்ணைக் காதலிக்கிறார். அப்பா சத்யராஜ் ஜாதி பார்க்காதவர். அவரே எதிர்க்கிறார். சிரிப்புப் படம் என்பதால் நல்லபடியாக முடிகிறது. ஆங்கிலேயப் பெண்ணாக நடித்தவர் உக்ரைன் நாட்டு நடிகை. வெள்ளையாக இருந்தால் போதும், நமக்கு எல்லாம் இங்கிலாந்துதான்!

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த மூன்று படத்திலும் பையன் நம்மவன். பெண்தான் அன்னியள். பெண் நம் வீட்டுப் பெண், மாப்பிள்ளை வேறு இனம் என்றால் நம் படக்காரர்களுக்குக் கை நடுங்குகிறது. மாப்பிள்ளை ஆப்பிரிக்காக்காரர் என்றால் கேட்கவே வேண்டாம். பெரும்பாலான தமிழ்ப் படங்களில் அவர் கடத்தல் கும்பலின் அடியாள்.

ருக்மிணி தேவியின் கலியாணம்

நிஜ வாழ்க்கையில் அது நடந்து நூறு வருஷம் ஆகி விட்டது. 1920-ல் ருக்மிணி தேவி, ஜார்ஜ் அருண்டேல் என்ற ஆங்கிலேயரை மணந்தார். பெண்ணுக்கு வயது 16. மாப்பிள்ளைக்கு 40-க்கு மேல். சென்னையே கொதித்தது. பத்திரிகைகளில் கண்டனம் வந்தது. பம்பாய்க்குப் போய்க் கலியாணம் செய்து கொண்டார்கள்.

வயது வித்தியாசம் எனக்கும் பிடிக்கவில்லைதான். ஆனால் அன்று எதிர்த்தவர்கள் வயதுக்காகவா எதிர்த்தார்கள்? பிராமணப் பெண் வெள்ளைக்காரனுக்கு வாழ்க்கைப்படுவதா என்பதுதான் கோபம். அதே தம்பதிதான் 1936-ல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கினார்கள். அருண்டேல் 1945-ல் இறக்கும் வரை அவர்கள் சேர்ந்தே வாழ்ந்தார்கள்.

நம் ஜனாதிபதியாக இருந்த கே.ஆர்.நாராயணனின் மனைவி உஷா, பர்மாவில் பிறந்தவர். 1951-ல் அவர்கள் கலியாணம் நடந்தது. நாராயணன் வெளிநாட்டு இலாகாவில் அதிகாரி. அதனால் நேருவிடம் விசேஷ அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

நம் பக்கத்துச் சங்கதி

இதெல்லாம் பெரிய இடத்துச் சமாசாரம், நமக்கென்ன என்று கேட்கலாம். திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்கள் அப்படிக் கேட்க முடியாது. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் கோட்டை கட்டினார்கள். அவர்களுடைய கல்லறைகள் இன்றும் அங்கே இருக்கின்றன. கம்பெனிச் சிப்பாய்களும் குமாஸ்தாக்களும் இங்கேயே பெண் எடுத்தார்கள். பிள்ளை குட்டி பெற்றார்கள். எல்லாம் காதல் என்று சொல்ல மாட்டேன். நம் ஜனங்களை அடிமைகளாகக் கப்பல் ஏற்றியதும் இதே டச்சுக் கம்பெனிதான். அந்தப் பெண்கள் என்ன நினைத்தார்கள்? அந்தப் பிள்ளைகள் எந்தப் பாஷை பேசினார்கள்? அதை ஒரு சினிமாவிலும் நான் பார்த்ததில்லை.

இன்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போய்ப் பாருங்கள். பீகார், ஒடிசா, வங்காளம், அசாம் என்று பல ஊர் ஆட்கள் வேலை செய்கிறார்கள். ஒரே நாட்டுக்காரர்கள்தான். ஆனாலும் அசாம், மணிப்பூர்ப் பையனின் முகத்தைப் பார்த்து "சைனாக்காரன்" என்று கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சினிமாவில் வடக்கத்தி ஆள் திருடனாக வருகிறான், அல்லது தப்புத் தமிழ் பேசிச் சிரிப்பு மூட்டுகிறான்.

ஒரு நாள் மகள் வந்து, "அம்மா, கூட வேலை பார்க்கிற அசாம்காரரை எனக்குப் பிடித்திருக்கிறது" என்கிறாள். அம்மாவின் மனதில் அப்போது என்ன படம் ஓடும்? அவள் பார்த்த படங்கள்தான் ஓடும். ஓடிப் போவது, வெட்டுக் குத்து, தண்டவாளம். பையனின் ஊர் எது, அம்மா அப்பா யார் என்று கேட்கக்கூட வாய் வராது.

அமெரிக்காவில் 1967 வரை 16 ராஜ்யங்களில் வெள்ளையரும் கறுப்பரும் மணப்பது குற்றம். அந்த வருஷம் ஜூன் மாதம் சுப்ரீம் கோர்ட்டு அந்தச் சட்டங்களை ரத்து செய்தது. டிசம்பரில் ஒரு படம் வந்தது. வெள்ளைக்காரப் பெண் தன் கறுப்பு இனக் காதலனை வீட்டுக்கு அழைத்து வருகிறாள். இரண்டு பக்கத்துத் தாய் தகப்பனும் ஒரே வீட்டில் உட்கார்ந்து பேசுகிறார்கள். பெரும்பாலும் பேச்சுதான் கதை. அந்த மாதிரி நமக்கு ஒன்று வேண்டும்.

அதிலும் ஒரு குறை உண்டு. மாப்பிள்ளை பெரிய டாக்டர். கண்ணியவான். சிட்னி பாய்ட்டியர் நடித்தார். அப்படிப்பட்டவனை யார் வேண்டாம் என்பார்கள்? இரவு ஷிப்ட் முடித்து, எண்ணெய்க் கறைச் சட்டையோடு ஒருவன் வந்து நின்றிருந்தால் தெரிந்திருக்கும்.

நம் நாட்டில் 1954-ம் வருஷத்து விசேஷத் திருமணச் சட்டம் இருக்கிறது. எந்த மதம், எந்த ராஜ்யமானாலும் அதன்படி மணக்கலாம். ரிஜிஸ்தர் ஆபீசில் நோட்டீஸ் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும். நோட்டீசை எல்லாரும் பார்க்கும்படி ஒட்டுவார்கள். அந்த 30 நாளில் இரண்டு வீட்டிலும் என்ன நடக்கும்? யார் அழுவார்கள், யார் முதலில் போன் போடுவார்கள், பாஷை தெரியாத சம்பந்திக்கு என்ன சமைப்பார்கள்? யாராவது படமாக எடுக்கட்டும். முதல் ஆட்டத்துக்கு நான் டிக்கெட் வாங்குகிறேன்.