சருகுக்குத் தீக்குச்சி வேண்டாம்!



பங்குனி மாதம் வந்ததும் உங்கள் வீட்டுத் தோட்டத்தை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். தோட்டம் இல்லையென்றால் தெருவில் நிற்கும் மரங்களைப் பாருங்கள். வேப்பமரம் பழைய இலைகளைக் கொட்டிவிட்டு, செம்பு நிறத்தில் புதுத் துளிர் விட்டிருக்கும். நேற்று மொட்டையாக நின்ற புங்கமரம், நான்கு நாள் கழித்துப் பார்த்தால் எண்ணெய் தடவியது போலப் பளபளவென்று பச்சையாக நிற்கும். மாமரத்தடியில் மாவடு விழுந்து கிடக்கும். எங்கிருந்தோ குயில் கூவும்.

குளிர் நாடுகளில் இலை உதிரும் காலம் வேறு, துளிர் விடும் காலம் வேறு. நடுவில் பனிக்காலம் முழுவதும் மரங்கள் மொட்டையாக நிற்கும். நம் செங்கல்பட்டுப் பக்கத்தில் பல மரங்களுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நடக்கும். மேலே துளிர், கீழே சருகு. இதுதான் நம் ஊர் வசந்தம்!

துளிரைப் பார்த்து எல்லோரும் மகிழ்கிறோம். ஆனால் சருகை என்ன செய்கிறோம்? கூட்டிக் குவித்துத் தீ வைக்கிறோம். காலை ஏழு மணிக்குத் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு புகை. இது தப்பு என்கிறேன் நான். ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால், நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமம். கடல் கூப்பிடு தூரம். அப்போது எனக்குப் பத்து வயது. வீட்டைச் சுற்றி இரண்டு வேம்பு, ஒரு பூவரசு, கிணற்றடியில் ஆயா வளர்த்த குண்டுமல்லிச் செடி. பங்குனி வந்தால் மல்லி மொட்டு விட ஆரம்பிக்கும். வெயில் ஏறும் முன் மொட்டைப் பறித்து ஈரத்துணியில் சுற்றி வைப்பார் ஆயா. சாயங்காலம் துணியைப் பிரித்தால் வீடே மணக்கும்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை, "தோட்டத்தைக் கூட்டிட்டு அப்புறம் வெளையாடப் போடா" என்றார் ஆயா. எனக்குக் கிரிக்கெட் அவசரம். பரபரவென்று கூட்டினேன். குவியல் என் இடுப்பு உயரம் வந்தது. சுமந்து போய்க் கொட்ட யாரால் முடியும்? கிணற்றடியிலேயே தீக்குச்சியைக் கிழித்துப் போட்டேன். காற்று கடல் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. புகையும் அந்தப் பக்கமே போனது. நானும் மட்டையோடு ஓடிவிட்டேன்.

கடற்கரையில் இருப்பவர்களுக்குத் தெரியும். விடியற்காலையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். வெயில் ஏறி நிலம் சூடானதும் அது அப்படியே திரும்பி, கடலிலிருந்து ஊருக்குள் வீசும். அன்றைக்கும் திரும்பியது. அணைந்துவிட்டது என்று நான் நினைத்த குவியல் மறுபடியும் பற்றிக்கொண்டது. மல்லிச்செடி ஒரு பக்கம் முழுக்கக் கருகிப்போனது. புகை நேராக எதிர்வீட்டுக்குள் புகுந்தது. அந்த வீட்டில் ஐந்து வயதுப் பாப்பா ஒன்று. அதற்கு அடிக்கடி இழுப்பு வரும். அன்று ராத்திரி மூச்சு விட முடியாமல் அதை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

இரண்டு நாளில் பாப்பா நலமாகத் திரும்பி வந்துவிட்டது. ஆயா என்னை அடிக்கவில்லை. "இன்னாடா பண்ணிட்டே?" என்று மட்டும் கேட்டார். அந்த வருடம் எங்கள் வீட்டில் மல்லி பூக்கவில்லை. கருகிய கொம்புகளை வெட்டிவிட்டு நான்தான் தினமும் தண்ணீர் ஊற்றினேன். அடுத்த பங்குனியில்தான் மொட்டு வந்தது.

இனி விஷயத்துக்கு வருவோம்.

இலை என்பது மரத்தின் சமையல் அறை. வேர் உறிஞ்சிய சத்தும் தண்ணீரும் அங்கேதான் போய்ச் சேருகின்றன. இலையை உதிர்ப்பதற்கு முன் மரம் கொஞ்சம் சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அதனால்தான் பச்சை இலை மஞ்சளாகிறது. ஆனால் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வதில்லை. மிச்சம் சருகிலேயே இருக்கிறது. அந்தச் சருகு மண்ணில் மக்கினால், சத்து மறுபடியும் வேருக்கே போகும். மரம் தனக்குத் தானே கட்டிக்கொடுக்கும் சாப்பாட்டு மூட்டை அது!

தீ வைத்தால்? தழைச்சத்து என்கிற நைட்ரஜனில் பெரும்பகுதி புகையோடு போய்விடும். சாம்பலில் சாம்பல்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் மிஞ்சும் என்பது உண்மைதான். ஆனால் மண்ணைப் பொலபொலவென்று ஆக்கும் மக்கு மிஞ்சாது. கடையில் காசு கொடுத்து உரம் வாங்குகிறோம். வீட்டில் இலவசமாகக் கிடைப்பதைக் கொளுத்துகிறோம். இது என்ன கணக்கு?

கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரைக்கும் கடலை ஒட்டிய ஊர்களில் பெரும்பாலும் மணல் பூமி. மணலில் தண்ணீர் ஊற்றினால் சல்லடையில் ஊற்றியது மாதிரி. மக்கிய இலை சேர்ந்தால், அதே மணல் ஈரத்தைப் பஞ்சு போலப் பிடித்து வைக்கும். சித்திரை வெயிலில் ஒரு குடம் தண்ணீர் மிச்சமானால், அது யாருக்கு லாபம்? தண்ணீர் தூக்கும் உங்கள் கைக்குத்தான்!

மக்காத சருகுக்கும் வேலை உண்டு. செடியைச் சுற்றி நான்கு விரல் உயரத்துக்குப் பரப்பிவிட்டால் வெயில் நேராக மண்ணில் படாது. ஈரம் சீக்கிரம் காயாது. களையும் குறையும். இதற்கு 'மூடாக்கு' என்று பெயர். இயற்கை வேளாண் விஞ்ஞானி நம்மாழ்வார் (1938-2013) ஊர் ஊராகப் போய் விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடங்களில் இதுவும் ஒன்று.

மூடாக்கின் கீழே மண்புழு வரும். மண்புழு ஒன்றும் அற்பப் பிராணி இல்லை. சார்லஸ் டார்வின் என்ற பெரிய விஞ்ஞானி பல ஆண்டுகள் மண்புழுவைக் கவனித்து, 1881ல் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். இங்கிலாந்தில் பல இடங்களில் ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டுக்குப் பத்து டன்னுக்கு மேல் மண் மண்புழுக்களின் உடம்பு வழியாகப் போய் வருகிறது என்று அவர் கணக்கிட்டார். ஒரு லாரி நிறைய மண்! சருகைக் கொளுத்தினால், கூலி கேட்காத இந்த உழவர்களின் சாப்பாட்டில் அல்லவா தீ வைக்கிறோம்?

வேண்டாதது என்று நாம் நினைப்பதை நம் மாவட்டத்துக்காரர்கள் எப்படிப் பார்த்தார்கள் தெரியுமா? மதுராந்தகம் பக்கத்தில் வேடந்தாங்கல் இருக்கிறது. ஏரியில் நிற்கும் கடப்ப மரங்களில் ஆயிரக்கணக்கான பறவைகள் கூடு கட்டும். அவற்றின் எச்சம் ஏரித் தண்ணீரில் விழும். அந்தத் தண்ணீர் பாய்ந்தால் வயல் நன்றாக விளையும் என்று ஊர்மக்கள் கண்டுபிடித்திருந்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, கலெக்டரிடம் போய் முறையிட்டு, பறவைகளைத் தொடக்கூடாது என்று உத்தரவு வாங்கினார்கள். பறவை எச்சத்தையே செல்வம் என்று பார்த்த ஊர்க்காரர்கள் நாம். சருகு மட்டும் குப்பையா?

அடுத்தது புகை. சருகுப் புகையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் இருக்கின்றன. 20, 30 துகள்களை வரிசையாக அடுக்கினால்தான் நம் தலைமுடி ஒன்றின் பருமன் வரும். அவ்வளவு பொடி! அதனால் மூக்கில் தங்காமல் நுரையீரலின் அடி வரைக்கும் போய்விடும். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் இழுப்பு இருப்பவர்களுக்கும் ரொம்பக் கஷ்டம். 2016 டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், திறந்த வெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று உத்தரவு போட்டது. ஆனால் அபராதத்துக்குப் பயந்து நீங்கள் நிறுத்த வேண்டாம். எதிர்வீட்டுப் பாப்பாவை நினைத்து நிறுத்துங்கள்.

"சருகைக் குவிச்சு வைச்சா பாம்பு வரும்டா" என்று உங்கள் வீட்டில் சொல்வார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நம் பக்கத்தில் நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் உண்டு. மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978லிருந்து இருக்கிறது. இவர்கள் எடுக்கும் விஷத்திலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து தயாரிக்கிறார்கள். பாம்பைத் தேடும் இருளர்கள் முதலில் எதைப் பார்ப்பார்கள் தெரியுமா? எலி வளையை! எலி இருக்கும் இடத்துக்குத்தான் பாம்பு வரும்.

ஆகவே, குவியலில் சோறு, கறி, மீன் முள் போடக்கூடாது. போட்டால் எலி வரும். குவியல் வீட்டுச் சுவரை ஒட்டி இருக்கக்கூடாது. தோட்டத்தின் கடைசி மூலையில் இருக்கட்டும். வெறுங்கையை அதற்குள் விடவே கூடாது. செருப்புப் போட்டுக்கொண்டு, பகல் வெளிச்சத்தில், நீளக் கொம்பால்தான் கிளற வேண்டும். பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும்.

"புகை போட்டால் கொசு போகும்" என்பார்கள். போகும், புகை அடங்கியதும் திரும்பி வரும். கொசு பிறப்பது தேங்கிய தண்ணீரில். கொட்டாங்கச்சி, பழைய டயர், உடைந்த தொட்டி இவற்றைக் கவிழ்த்து வைப்பதுதான் சரியான வைத்தியம். பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கும் கிண்ணத்தையும் தினமும் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றுங்கள்.

சரி, சருகை எப்படி மக்க வைப்பது? ரொம்பச் சுலபம். மூன்றடிக்கு மூன்றடி ஒரு குழி, அல்லது ஒரு பழைய அரிசி மூட்டைச் சாக்கு போதும். சாக்கில் அங்கங்கே ஓட்டை போடுங்கள். ஒரு சாண் சருகு, மேலே கொஞ்சம் காய்கறித் தோல், ஒரு கை மண். மறுபடியும் சருகு. இப்படியே அடுக்குங்கள். சாணம் கிடைத்தால் கரைத்துத் தெளியுங்கள். இல்லாவிட்டால் புளித்த மோர் போதும். பிழிந்த துணி மாதிரி ஈரம் இருக்கட்டும். 15 நாளுக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். மூன்று நான்கு மாதத்தில் கறுப்பாக, பொலபொலவென்று, மழை பெய்த மண்வாசனையோடு உரம் தயார்!

இப்போது மாதங்களை எண்ணிப் பாருங்கள். பங்குனியில் ஆரம்பித்தால் சித்திரை, வைகாசி, ஆனி தாண்டி, ஆடியில் உரம் கையில் இருக்கும். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று பெரியவர்கள் சொல்கிறார்களே, அந்த ஆடி! மரம் சரியான நேரம் பார்த்துத்தான் சருகைக் கொட்டுகிறது. நாம்தான் அவசரப்படுகிறோம்.

சருகு கூட்டுவது கஷ்டமான வேலை என்று நினைக்காதீர்கள். கூட்டும்போது எத்தனை அகப்படும் தெரியுமா? பூவரசு இலை ஒன்றைச் சுருட்டி ஊதினால் பீப்பி. மாவடு கிடைத்தால் அம்மாவிடம் கொடுத்து உப்பில் போடச் சொல்லலாம். வேப்பம்பூ பூத்ததும் மரத்தடியில் பழைய புடவையை விரித்துவிட்டால், காலையில் பூ நிறைந்திருக்கும். நிழலில் காயவைத்தால் சித்திரை முதல் நாள் பச்சடிக்கு ஆயிற்று. நான்தான் பொறுக்கினேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்!

மாடி வீட்டில் இருப்பவர்களும் கவலைப்பட வேண்டாம். தெருமரத்துச் சருகை ஒரு பையில் அள்ளி வந்தால், பால்கனியில் ஒரு பழைய வாளியே போதும்.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். வீட்டில் ஒரே ஒரு மூலையைக் கேட்டு வாங்குங்கள். "இந்தப் பங்குனிச் சருகு என் பொறுப்பு" என்று சொல்லுங்கள். பெரியவர்கள் தீப்பெட்டியை எடுத்தால் சண்டை போடாதீர்கள். "ஆடி வரைக்கும் டைம் கொடுங்க, அப்புறம் பாருங்க" என்று கேளுங்கள். ஆடியில் உங்கள் உரத்தில் ஒரு வெண்டையோ அவரையோ முளைத்துவிட்டால், அப்புறம் அந்தத் தீப்பெட்டி அடுப்படியை விட்டு வெளியே வராது.

எங்கள் வீட்டு மல்லிச்செடி இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு பங்குனியிலும் அதன் காலடியில் சருகு போடுவது நான்தான்.

உங்கள் வீட்டில் யார் போடப் போகிறீர்கள்?