வேலியோரப் புதையல்



பாடசாலை விடுமுறையில் ஒரு நாள் காலியிலுள்ள என் சகோதரி வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மகன் கைத்தொலைபேசியுடன் ஓடி வந்தான். "மாமா, ஜியோகேஷிங் விளையாட்டுத் தெரியுமா?"

தெரியாது என்றேன். விளக்கினான். ஒருவர் ஒரு சிறு பெட்டியை ஒளித்து வைத்து, அவ்விடத்தின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் அறிவிப்பார். மற்றவர்கள் செய்மதியின் உதவியோடு தேடிப் போவார்கள். கண்டெடுத்தவர் உள்ளிருக்கும் கொப்பியில் பெயரெழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். உள்ளேயுள்ள பொருளொன்றை எடுத்தால் அதே பெறுமதியில் இன்னொன்றை வைக்க வேண்டும். 2000ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்கா தன் செய்மதிச் சமிக்ஞையில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை நீக்கிய மறுநாளே, ஒரிகன் மாநிலத்தில் முதற்பெட்டி ஒளிக்கப்பட்டதாம்.

நல்ல விளையாட்டுத்தான்; அமானிதமும் இருக்கிறது என்று மகிழ்ந்தேன். அப்போது சொன்னான்: "நானும் ஒன்று வைக்கப் போகிறேன். கொக்கல விமானப்படை முகாம் வேலியோரம். அங்கேதான் சரித்திரம் இருக்கிறது."

சரித்திரம் இருப்பது மெய். இரண்டாம் உலகப் போரில் கொக்கல வாவி, நீரில் இறங்கும் விமானங்களின் தளமாக இருந்தது. 1942 ஏப்ரல் 4ஆம் திகதி அங்கிருந்து கட்டலினா விமானத்தில் பறந்த கனடியரான லெனார்ட் பேர்ச்சல், தெற்குக் கடலில் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டார். சுட்டு வீழ்த்தப்படுமுன் செய்தி அனுப்பப்பட்டது. ஒன்பது பேரில் மூவர் மாண்டனர், ஏனையோர் கைதிகளாயினர். மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டபோது எச்சரிக்கை முன்பே கிடைத்திருந்தது.

1943 முதல் 1945 வரை ஆஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் இந்த வாவிக்குமிடையே விமானங்கள் எங்கும் தரிக்காமல் பறந்தன. ஏறத்தாழ முப்பது மணித்தியாலப் பயணம்; ஒரே பயணத்தில் இரண்டு சூரியோதயம்! எதிரி அறியாதிருக்க வானொலியில் பேசமாட்டார்கள். இரவில் நட்சத்திரங்களே வழிகாட்டி. கடலின் இருளில் வழியறிய நட்சத்திரங்களை அமைத்ததாக அல்லாஹ் ஸூரத்துல் அன்ஆமில் கூறுவது நினைவுக்கு வரவில்லையா?

ஆனால் பெட்டி விடயத்தில் நான் இணங்கவில்லை. "மகன், வேலியோரப் பற்றைக்குள் ஆளில்லாப் பெட்டியைக் கண்டால் காவலுக்கு நிற்பவர் என்ன நினைப்பார்?"

"நான் கெட்டது ஒன்றும் செய்யவில்லையே, மாமா."

"அது உனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதே."

2009 வரை யுத்தம் கண்ட நாடு இது. 2019 ஏப்ரல் 21க்குப் பின் நம் பிள்ளைகளின் பைகளை எத்தனை கண்கள் பார்த்தன என்பதை நீங்களும் மறந்திருக்கமாட்டீர்கள். பயணமொன்றில் உறங்கிய தோழரின் கயிற்றை இன்னொருவர் எடுக்க, அவர் திடுக்கிட்டார். ஒரு முஸ்லிமைத் திடுக்கிடச் செய்வது ஆகாது என நபி (ஸல்) அவர்கள் தடுத்ததை அபூதாவூதில் காண்கிறோம். இந்தப் பண்பை அயலவர் எல்லோரிடமும் பேணுவதே நமக்கு அழகு. இடத்துக்குரியவரின் அனுமதி வேண்டும், இராணுவ இடங்களை அண்டி வைக்கக் கூடாது என்று அந்த விளையாட்டின் விதிகளே சொல்கின்றன.

முகம் வாடினாலும் கேட்டுக்கொண்டான். முகாமுக்குத் தொலைவில் தேநீர்க்கடை வைத்திருக்கும் சிங்களப் பெரியவரிடம் போனோம். உள்ளே தெரியும் பெட்டி. மேலே மூன்று மொழியிலும் 'விளையாட்டுப் பெட்டி' என்ற எழுத்து. உள்ளே விமானங்களின் கதை. பெரியவர் வாசித்துவிட்டு, "எங்கள் ஆச்சியின் வீடும் அந்தத் தளத்துக்குள்தான் போனது" என்றார். ஊர்மக்கள் வீடுவாசலை விட்டுப் பெயர்ந்த கதையை ஒரு மணிநேரம் கூறினார். எந்தச் செய்மதியும் காட்டாத புதையல் அது. ஒளித்து வைத்திருந்தால் கிடைத்திருக்குமா?

பெற்றோர்களே! பிள்ளைகளின் ஆர்வத்துக்குக் கதவடைக்காதீர்கள். அனுமதி கேட்கப் பழக்குங்கள். "வேண்டாம்" என்றால் முகம் சுளிக்காமல் திரும்பவும் பழக்குங்கள். பிறர் அச்சமின்றி வாழத் துணைநிற்கும் மக்களாக நம் பிள்ளைகளை அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.