சைக்கிளில் ஒரு சாணைக்கல்

கொல்லர் உலை அணைந்துபோன கிராமங்கள் பெருகிவிட்டன. கரும்பு வெட்டும் கத்தியோ, தீவனம் அறுக்கும் அரிவாளோ மழுங்கினால் டவுனுக்குப் போய்த்தான் தீட்டி வர வேண்டியிருக்கிறது. பஸ் செலவும் அரை நாள் வேலையும் அதிலேயே போய்விடும். போக மனமில்லாதவர்கள் மழுங்கிய கத்தியோடு மல்லுக்கட்டுகிறார்கள். கூலி ஆள் வெட்டுகிற ஒவ்வொரு கட்டிலும் அதன் நஷ்டம் இருக்கிறது. கணக்கில்தான் யாரும் எழுதுவதில்லை.

இதற்கு ஒரு வழி, நான் குடியிருக்கும் சென்னை மயிலாப்பூரில் வாசலைத் தேடியே வந்தது. தெற்கு மாட வீதியில் காலை வேளையில் சாணை பிடிக்கும் பெரியவர் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு, அதன்மேல் உட்கார்ந்தபடியே அரிவாள்மனைக்குப் பதம் ஏற்றிக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் சாணைக்காரர் மரச்சட்டத்தைத் தோளில் சுமந்து வருவார். இவருக்குச் சுமையும் இல்லை, மின்சாரமும் தேவையில்லை. வேளாண்மை விரிவாக்கத்தில் இத்தனை ஆண்டுகள் இருந்தும், சைக்கிளில் பொருத்திய ஒரு கருவியை இவ்வளவு நேரம் நின்று பார்த்தது அன்றுதான்.

அமைப்பு எளிது. சைக்கிள் இரட்டைக்கால் ஸ்டாண்டில் நிற்கிறது. பின்சக்கரம் தரையைத் தொடவில்லை. பின்சக்கரத்தின் கம்பிகளோடு ஒரு சின்ன ரிம்மைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார். அதிலிருந்து ஒரு பெல்ட், இருக்கைக்கு முன்னால் பார்மேல் பொருத்திய சாணைக்கல்லின் புல்லிக்குப் போகிறது. பெடலை மிதித்தால் கல் சுழல்கிறது. மிதிப்பதை நிறுத்திப் பிரேக்கைப் பிடித்தால் கல்லும் நிற்கிறது. வேலை முடிந்ததும் பெல்ட்டைக் கழற்றிப் பாரில் மாட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்கு ஓட்டிப் போகிறார்.

"பெரியவரே, சைக்கிளில் வெல்டிங் ஏதும் வைத்தீர்களா?" என்று கேட்டேன்.

"வைக்கலை சார். எல்லாம் கிளாம்புதான். இதுலதானே நான் வீட்டுக்குப் போகணும்!" என்றார்.

இந்தப் பதிலை நான் முப்பது வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும். வேலையில் சேர்ந்த புதிதில், கால்மிதியில் ஓடும் நிலக்கடலை உடைப்பான் செய்து காட்ட வேண்டும் என்ற ஆர்வத்தில், ஒரு விவசாயியின் சைக்கிளையே வாங்கிச் சட்டத்தை அறுத்து இரும்புக் கோணங்களைப் பற்றவைத்தேன். கருவி ஓடியது, கண்காட்சியில் படமும் எடுத்தார்கள். அந்த மனிதர் மட்டும் மறுநாளிலிருந்து பால் கேனைத் தலையில் வைத்துக்கொண்டு சொசைட்டிக்கு நடந்தார். வருஷத்தில் பத்து நாள் வேலைக்காக, 365 நாளும் உழைக்கிற வண்டியைக் கெடுத்துவிட்டேன். சைக்கிள் சட்டத்தின் குழாய் மெல்லிய தகடு. பற்றவைக்கும் சூட்டில் பக்கத்து இரும்பு வலுவிழந்து, பிறகு பாரம் ஏற்றும்போது அங்கேயே முறியும் என்பது தனிக்கதை.

சாணைக்கல்லைப் பரிந்துரைக்கும் நான், பெடல் பம்பை மட்டும் ஏன் தட்டிக் கழிக்கிறேன் என்று செங்கற்பட்டுப் பக்கத்து விவசாயி ஒருவர் கோபித்துக்கொண்டார். ஒரு ஏக்கருக்குச் சைக்கிளை மிதித்தே நீர் பாய்ச்ச வேண்டும் என்பது அவர் ஆசை. கணக்கைப் பாருங்கள். நல்ல உடல்நிலையில் உள்ள ஆள் தொடர்ந்து மிதித்தால் ஏறக்குறைய 75 வாட் சக்தி கிடைக்கும். ஒரு குதிரைத்திறனில் பத்தில் ஒரு பங்கு அது. 5 குதிரைத்திறன் பம்புசெட் என்பது ஐம்பது ஆள் மிதிப்பதற்குச் சமம். ஒரு ஏக்கரில் இரண்டு அங்குல உயரத்துக்கு நீர் கட்ட இரண்டு லட்சம் லிட்டர் வேண்டும். 5 மீட்டர் ஆழக் கிணற்றிலிருந்து, பாதிச் சக்தி உராய்விலும் கசிவிலும் போவதாக வைத்துக்கொண்டால், மணிக்கு 2,750 லிட்டர் ஏறும். தினமும் எட்டு மணி நேரம் மிதித்தாலும் ஒன்பது நாள்! நாற்றங்காலுக்கும் கொல்லைக் காய்கறிக்கும் பெடல் பம்பு சரி. ஏக்கர் கணக்குக்கு ஆகாது.

சாணைக்கு அவ்வளவு சக்தி வேண்டியதில்லை, வேகம்தான் வேண்டும். அந்த வேகத்தைச் சைக்கிள் தாராளமாகத் தரும். முன் பல்சக்கரத்தில் 44 பல், பின்னதில் 18 பல் என்றால், நிமிஷத்துக்கு 60 தடவை மிதிக்கும்போது பின்சக்கரம் 147 சுற்று வரும். கட்டிய ரிம் 40 சென்டிமீட்டர், புல்லி 5 சென்டிமீட்டர் என்றால் கல் 1,170 சுற்றைத் தாண்டும். மின்சாரச் சாணை 2,800 சுற்றுக்கு மேல் ஓடுகிறது. அதில் பாதிகூட இல்லையே என்று கவலைப்படாதீர்கள். வேகம் குறைந்தால் இரும்பு சூடேறுவதும் குறையும். பழகாத கைக்கு அதுதான் நல்லது.

புதுக் கருவி என்றாலே மயங்குவது படித்தவர்களின் பழைய வியாதி. தி.நகரையும் அடையாற்றையும் ஒட்டிய சைதாப்பேட்டையில், 1860களில் அரசாங்கப் பண்ணை அமைத்து, இங்கிலாந்திலிருந்து நீராவிக் கலப்பை முதலிய கருவிகளைத் தருவித்துச் சோதித்தார்கள். நம் உழவரிடம் நீராவிக் கலப்பை வந்து சேரவே இல்லை. அங்கே 1868இல் தொடங்கிய வேளாண் பள்ளிதான் பின்னால் 1906இல் கோவைக்கு மாறி, 1971இல் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. ஆகவே இதை எங்கள் வீட்டுக் குறையாகவே சொல்கிறேன். மறுபக்கம், மராட்டிய மாநிலம் ஜல்காவ் மாவட்டத்தில் கோபால் மல்ஹாரி பீசே என்ற சிறு விவசாயி, காளை வைத்துக்கொள்ள வசதியில்லாமல், சைக்கிளின் முன்சக்கரத்தையும் ஹேண்டில்பாரையும் கொண்டு தள்ளிக்கொண்டே களையெடுக்கும் கருவி செய்தார். அது பலருக்குப் பயன்பட்டது. அதைச் செய்ய நினைப்பவர்கள் காயலான் கடைச் சைக்கிளைத்தான் எடுக்க வேண்டும். ஓடுகிற சைக்கிளைப் பிரிக்காதீர்கள்.

சாணை அமைப்புக்குக் கல், அச்சு, இரண்டு பேரிங், புல்லி, பெல்ட், பழைய ரிம் ஆகியவை போதும். அச்சு கடைய மட்டும் லேத் பட்டறைக்குப் போக வேண்டும். ரிம் நடுமையம் தப்பினால் பெல்ட் கழன்று ஓடும். சக்கரத்தைச் சுழற்றிவிட்டு ஒரு சாக்கட்டியை ரிம்முக்கு அருகே அசையாமல் பிடியுங்கள். எங்கே சுண்ணாம்புக் கோடு விழுகிறதோ அங்கே ரிம் வெளியே தள்ளியிருக்கிறது, உள்ளே தள்ளிக் கட்டுங்கள். கல் இரும்புக்கு உரியதா, எத்தனை சுற்றுவரை தாங்கும் என்று அதன் லேபிளைப் பார்த்து வாங்க வேண்டும். மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவது போல, கல்லைக் கயிற்றில் தொங்கவிட்டு மரக்கட்டையால் தட்டுங்கள். கணீரென்றால் நல்ல கல். சொத்தென்று சத்தம் வந்தால் விரிசல் உண்டு. இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். சுழலும் கல் உடைந்தால் மிதிப்பவர் நெஞ்சுக்கு நேராகவே பாயும். எனவே கல்லுக்குத் தகட்டு மூடி கட்டாயம்; கண்ணுக்குக் கண்ணாடியும் வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டுங்கள், தோள் துண்டை எடுத்துவிடுங்கள்.

பதம் போடுவதில் ஒரே ஒரு விஷயத்தை மனத்தில் வைத்தால் போதும். கத்தியின் விளிம்பில் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று பொருள். இரும்பு 300 டிகிரியை ஒட்டிச் சூடேறியிருக்கிறது. அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. லேசாகத் தொட்டு எடுங்கள். பக்கத்தில் ஒரு டப்பாவில் தண்ணீர் வைத்துக்கொண்டு, விரலுக்குச் சூடு தெரியும் முன்பே தோய்த்துவிட வேண்டும். மயிலாப்பூர்ப் பெரியவர் மூன்று தடவை தேய்த்தால் ஒரு தடவை தோய்த்தார்.

பத்து வீட்டுக்கு இப்படி ஒன்று இருந்தாலே அதிகம். மண்வெட்டி, களைக்கொத்து, கொடுவாள், கரும்புக் கத்தி எல்லாவற்றையும் ஒருவரே ஒரு மாலையில் முடித்துவிடலாம். ஒட்டுக்கட்டும் சிறு கத்தியைச் சுழலும் கல்லுக்குக் கொண்டுபோகாமல் எண்ணெய்க் கல்லில் தீட்டுங்கள். நெல் அறுக்கும் கருக்கரிவாளையும் இதில் காட்டக் கூடாது, பல் தேய்ந்துவிடும். அதற்கு முக்கோண அரம்தான்.