சக்கையும் சிக்கனமும்

வீட்டுக்குறிப்பு என்பதை நமது இலக்கிய உலகம் எழுத்தாகவே கணக்கில் கொண்டதில்லை. மகளிர் இதழ்களில் பக்கத்தின் அடியில் மிஞ்சும் இடத்தை நிரப்பும் நாலு வரி என்பதே அதைப் பற்றிய நமது பொதுவான எண்ணம். ஆனால் நல்ல குறிப்பொன்றை எழுதுவது எளிதல்ல. பொருள், அளவு, பக்குவம், பலன் நான்கையும் நாலு வரிக்குள் அடக்க வேண்டும். படிப்பவர் வீட்டில் என்ன இருக்கிறது என்பதும் எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கடைசி அறிவு தேய்ந்து வருகிறது என்பதே நமது வருத்தம். அதற்குச் சான்றாக ஒரு சிறிய பொருளை, பயன்படுத்திய டீ பேக்கை, எடுத்துக்கொள்வோம்.

டீ பேக்கைக் குளிரவைத்துக் கண்ணின்மேல் வையுங்கள். ரோஜாத் தொட்டியில் புதையுங்கள். குளிர்பதனப் பெட்டியின் மூலையில் வைத்தால் வாடை போகும். மரச்சாமான் துடைக்க உதவும். இத்தகைய பட்டியல்கள் தமிழில் ஓயாமல் வந்துகொண்டிருக்கின்றன. பெரும்பாலானவை ஆங்கிலத்திலிருந்து பெயர்த்தவை என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். காரணம், இவற்றைப் படிக்கும் வீடுகளில் பெரும்பாலும் டீ பேக் கிடையாது. அங்கே இருப்பது டீத்தூள். பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கொதித்தபின் வடிகட்டியில் தங்கும் சக்கை. அந்தச் சக்கையைப் பற்றி இப்பட்டியல்களில் ஒரு சொல்லும் இராது. விளைவாக, குப்பையைச் சேமிப்பதற்காகக் குப்பையை முதலில் விலைகொடுத்து வாங்கும் நிலைக்குச் சிக்கனம் வந்து சேர்ந்திருக்கிறது.

இக்குறிப்புகள் பிறந்த மண்ணில் அவற்றுக்கு நியாயம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், பயன்படுத்திய தேயிலையை வீடு வீடாக வாங்கி விற்கும் வணிகமே நடந்ததை லண்டன் ஏழைகளைப் பற்றிய தமது பெரும் நூலில் ஹென்றி மேஹியூ 1851-இல் பதிவு செய்திருக்கிறார். 1861-இல் வெளியான திருமதி பீட்டனின் இல்ல நிர்வாக நூல், கம்பளத்தைப் பெருக்குமுன் ஈரத் தேயிலையைத் தூவச் சொல்கிறது. ஈரச் சக்கை தூசியைப் பிடித்துக்கொள்ளும். துடைப்பம் படும்போது தூசி எழும்பாது. கம்பளமும் இருந்தது, தேயிலையும் இருந்தது. இரண்டையும் குறிப்பு இணைத்தது. பை பின்னால் வந்தது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரைச் சேர்ந்த ராபர்ட்டா லாசன், மேரி மெக்லாரன் என்ற இரு பெண்கள் ஒரு கோப்பை அளவுத் தேயிலையைத் துணிப்பையிலிடும் யோசனைக்கு 1901-இல் விண்ணப்பித்து 1903-இல் காப்புரிமை பெற்றார்கள். பிரிட்டனில் டெட்லி நிறுவனம் 1953-இல்தான் பையை விற்கத் தொடங்கியது. அதன்பின் இலைக்குரிய குறிப்புகள் பைக்கு மாறின. நமக்குப் பெயர்த்துத் தந்தவர்கள் இலையை விட்டுவிட்டுப் பையை மட்டும் கொண்டுவந்தார்கள்.

பயன் தருவது பையல்ல, இலையின் துவர்ப்பு. தேயிலையில் உள்ள டானின் வகைப் பொருள்கள் இரும்போடு சேர்ந்தால் கருக்கும். மருதாணிப் பொடியைத் தேயிலைச் சாற்றில் குழைத்து இரும்புச் சட்டியில் இரவு முழுக்க ஊறவைக்கும் நம் வீட்டுப் பெண்களின் வழக்கத்துக்குப் பின்னால் இருப்பது இதுதான். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சியவர்கள் கையாண்டதும் இதே உறவையே. தலைக்குப் பூசும் கருமையும் தாளில் எழுதும் கருமையும் ஒரே வேதியியலைச் சேர்ந்தவை என்பது எழுத்தை நேசிக்கும் நமக்கு மகிழ்ச்சி தரவேண்டிய செய்தி. பஞ்சாபியர் கொண்டைக்கடலை வேகும்போது தேயிலையைத் துணியில் முடிந்து போட்டுக் கருநிறம் ஏற்றுவதும் இந்தச் சாயத்தை நம்பித்தான். இவை எவற்றுக்கும் பெட்டியில் வரும் பை தேவையில்லை.

அழகுக் குறிப்புக்கு வருவோம். குளிர்ந்த தேயிலையைக் கண்ணின்மேல் வைத்தால் வீக்கம் சற்றுத் தணியலாம். காஃபின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும் தன்மையுடையது. எனினும் அந்த இதத்தில் குளிர்ச்சிக்கே பெரும் பங்குண்டு. வெறும் நீரில் நனைத்த துணியும் அதில் பாதியையாவது செய்துவிடும். தோலின் நிறமியால் வந்த கருவளையம் எந்தப் பையாலும் போகாது. இரவெல்லாம் மேசையில் கிடந்த ஈரப் பையைக் கண்ணில் வைப்பது நோயை அழைப்பதாகும். இவ்வளவையும் சொல்வதற்கு இரண்டு வரி போதும். அந்த இரண்டு வரிகளைத்தான் பட்டியல்கள் விட்டுவிடுகின்றன.

செடிக்குப் போடும் குறிப்பிலும் இதே குறைதான். ஆங்கிலேயர் பையில் ஊறவைப்பது வெறும் தேயிலை. நமது சக்கையில் பாலும் சர்க்கரையும் கலந்திருக்கும். இரண்டு மூன்று முறை அலசாமல் போட்டால் எறும்பு மொய்க்கும், பூஞ்சை படரும். அலசி, வெயிலில் உலர்த்தி, மண்ணோடு கிளறிவிட வேண்டும்; தடிமனாகப் பரப்பினால் ஏடுபோல் இறுகி நீரை உள்ளே விடாது. உலர்ந்த சக்கை வாடைபோக்கவும் ஆகும்; ஈரமாக வைத்தால் அதுவே வாடையாகிவிடும்.

பையோடு புதைப்பதோ இன்னும் பிழையானது. காகிதப் பைகள் பலவற்றின் விளிம்பை ஒட்டுவதற்குப் பாலிபுரொப்பிலீன் சேர்க்கிறார்கள். பளபளக்கும் முக்கோணப் பைகள் பல நைலான் போன்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. இலை மக்கிப் போகும், வலை மண்ணில் கிடக்கும். தாவர மாவிலிருந்து செய்த பிளாஸ்டிக் என்று விற்கப்படும் பைகளும் ஆலைகளில் உண்டாக்கும் வெப்பத்தில்தான் நன்கு மக்கும், ரோஜாத் தொட்டியில் அல்ல. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் பிளாஸ்டிக் பைகளை 95 டிகிரி நீரில் ஊறவைத்தபோது, ஒரு பையிலிருந்து ஏறத்தாழ 1160 கோடி நுண்துகள்கள் வெளிப்பட்டதாக அறிவித்தார்கள். அந்த எண்ணிக்கையை வேறு ஆய்வாளர்கள் பின்னர் ஐயுற்றதுண்டு. பை பிளாஸ்டிக் என்பதை யாரும் ஐயுறவில்லை.

தமிழில் தேயிலைச் சிக்கனம் பேசுகிறவர் தவிர்க்கக் கூடாத இன்னொரு கணக்கும் இருக்கிறது. இலங்கை மலையகத்தின் தோட்டங்கள் பலவற்றில் ஒரு பெண் நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய கொழுந்து ஏறத்தாழ 18 கிலோ. நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகும் என்று கொண்டால், அவளது ஒருநாள் உழைப்பு நாலு கிலோ தேயிலை. பைக்கு இரண்டு கிராம் வீதம் இரண்டாயிரம் பைகள். நெடிய போராட்டத்துக்குப் பின் 2021-இல் கிடைத்த நாட்கூலி ஆயிரம் இலங்கை ரூபாய். அதாவது பைக்கு ஐம்பது சதம். அது 1350 ரூபாயாக உயர்ந்த 2024-இலும் பைக்கு ஒரு ரூபாய் தேறவில்லை. அந்தப் பெண் பேசுவது நமது மொழி. அவள் பறித்ததன் கடைசித் துளித் துவர்ப்பையும் வீணாக்காதிருப்பது நல்ல செயல்தான். ஆனால் அவள் கூலியைக் காட்டிலும் அதிகமாகப் பைக்கும் நூலுக்கும் உறைக்கும் பெட்டிக்கும் செலவிட்டுவிட்டு, அந்தப் பையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வதைச் சிக்கனம் என்று அழைக்க நமக்கு மனம் ஒப்பவில்லை.

டீ பேக்கின் மறுபயன்பாட்டுக்கு மிகச் சிறந்த முன்மாதிரி நமது தெருமுனையிலேயே இருக்கிறது. தேநீர்க்கடை மாஸ்டரின் கையிலுள்ள துணி வடிகட்டியும் ஒரு தேநீர்ப் பைதான். காலை முதல் இரவு வரை நூற்றுக்கணக்கான கோப்பைகளுக்கு அது ஒன்றே போதும். இரவில் அலசிக் காயப்போட்டால் மறுநாளைக்கும் ஆகும். இதைப் பார்த்து ஒரு குறிப்பு எழுத யாருக்கும் தோன்றவில்லை என்பது வியப்பே.

குறிப்பு எழுதுவோரிடம் நாம் வேண்டுவது அதிகமில்லை. படிப்பவரின் அடுக்களையை ஒருமுறை மனத்தில் எட்டிப்பாருங்கள். அங்கே இருப்பதிலிருந்து தொடங்குங்கள். ஏன் பலிக்கிறது, எங்கே பலிக்காது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அப்படி எழுதப்பட்ட நாலு வரியை, பக்கத்தின் அடியில் கிடந்தாலும், நல்ல உரைநடை என்று ஏற்க நமக்குத் தயக்கம் இராது.