ரவுட்டருக்கு ரெண்டு பூட்டு!

புதுக்கோட்டை மாவட்டம் ஜெகதாப்பட்டினத்துல இருந்து ஒரு ஃபைனல் இயர் தம்பி கேட்டிருக்கார்: 'தடைக்காலம் வந்தாலே எங்க வீட்டு வைஃபை நத்தை மாதிரி ஊருது. ரவுட்டர் பின்னாடி இருக்குற சின்ன ஓட்டையில ஊசியை விட்டு ரீசெட் பண்ணிடட்டுமா?'

வேணாம் தம்பி, ஊசியைக் கீழே வைங்க! அந்த ஓட்டை வைஃபை பேரை மட்டும் அழிக்காது. கனெக்‌ஷன் கொடுத்தவங்க உள்ளே போட்டு வெச்ச யூசர்நேம், பாஸ்வேர்டு எல்லாம் சேர்ந்து போயிடும். நானும் ஒருதடவை குத்தினவன்தான். திரும்பப் போட ஆள் வர்றதுக்கு மூணு நாள் ஆச்சு. அதுவும் ப்ராஜெக்ட் சப்மிட் பண்ற வாரம்!

மேட்டர் இதுதான். ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில நிக்குது. அப்பா, அண்ணன், மாமா எல்லாரோட செல்போனும் வீட்டுல. பக்கத்து வீட்டுலயும் அதே கதை. விஹெச்எஃப் செட்டுல ரெண்டு போட்டுக்காரங்க ஒரே சேனல்ல ஒண்ணா பேசினா என்ன ஆகும்னு அப்பாகிட்ட கேளுங்க. வைஃபையும் ரேடியோதான். என்ன, இது கொஞ்சம் மரியாதை தெரிஞ்ச ரேடியோ. ஒருத்தர் முடிக்கிற வரைக்கும் அடுத்தவர் காத்திருப்பார். அந்தக் காத்திருப்புதான் உங்க நத்தை.

சேனலை மாத்தணும்னா உள்ளே போகணும். ரவுட்டர் அடியில இருக்குற ஸ்டிக்கரைப் பாருங்க. பெரும்பாலும் 192.168.1.1-னு இருக்கும். அதை பிரவுசர்ல அடிங்க. முதல் வேலையா 'வேன்' பக்கத்தை செல்போன்ல ஒரு போட்டோ எடுத்துட்டு, கை வைக்காம வெளியே வந்துடுங்க. வயர்லெஸ் பக்கத்துல, 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒண்ணை ஒண்ணு இடிக்காத சேனல் 1, 6, 11 மூணுதான். தெருவுல கூட்டம் கம்மியா இருக்குறதைப் போடுங்க. 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தா இன்னும் வேகம், ஆனா சுவரைத் தாண்டுறதுக்குள்ள மூச்சு வாங்கும்.

இப்போ ஒரு கேள்வி. உள்ளே போறப்ப என்ன பாஸ்வேர்டு அடிச்சீங்க? 'அட்மின்'தானே? அப்போ உங்க வைஃபை கிடைச்ச யார் வேணா அதே வழியில உள்ளே வரலாம். வைஃபை பாஸ்வேர்டு வாசக்கதவு. அட்மின் பாஸ்வேர்டு பீரோ சாவி. நம்ம ஆளுங்க முதலாவதை மட்டும் மாத்திட்டு ரெண்டாவதை மறந்துடுவாங்க. 2017 ஜூலையில பி.எஸ்.என்.எல். மோடம்கள் ஆயிரக்கணக்குல வைரஸ்ல படுத்தப்போ, மாட்டினது இப்படி கம்பெனி பாஸ்வேர்டை மாத்தாம விட்டதுங்கதான்.

வாசக்கதவைத் திறந்து போட்டா இன்னும் மோசம். 2008 ஜூலை 26, அகமதாபாத் தொடர் குண்டுவெடிப்பு. வெடிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி டி.வி. சேனல்களுக்கு ஒரு மிரட்டல் மெயில் வந்துச்சு. ஐ.பி. முகவரியைப் பிடிச்சுக்கிட்டுப் போன போலீஸ், நவி மும்பையில ஒரு அமெரிக்கர் வீட்டு வாசல்ல போய் நின்னுது! பாதுகாப்பில்லாத அவரோட வைஃபை வழியா யாரோ அனுப்பியிருக்காங்க. அவருக்கு விசாரணை மேல விசாரணை. கடலோர ஊர்ல விசாரணைன்னா என்னன்னு உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு நான் சொல்லணுமா?

அதனால செக்யூரிட்டியில டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 போடுங்க. டபிள்யூபிஎஸ், ரிமோட் மேனேஜ்மென்ட் ரெண்டையும் ஆஃப் பண்ணுங்க. ஒரே போட்டுல போற மாமா கேட்டா பாஸ்வேர்டு தரமாட்டேன்னு சொல்ல முடியாதுதான். அவருக்கு 'கெஸ்ட் நெட்வொர்க்' ஒண்ணு தனியா திறந்து கொடுங்க. ஆனா அதுலயும் வெளியே தெரியுற ஐ.பி. உங்க வீட்டோடதுதான், ஊருக்கே கொடுத்துடாதீங்க.

சேனல் மாத்தியும் ஊர்ந்தா, லேப்டாப்பை கேபிள்ல நேரா ரவுட்டர்ல சொருகி ஸ்பீடு பாருங்க. அங்கேயும் நத்தைன்னா தப்பு லைன்ல இருக்கலாம். அப்போ கம்ப்ளெயின்ட் கொடுங்க. ஆள் வந்தா, அந்த போட்டோவைக் காட்டுங்க.