சொத்து வாங்குவோர், விற்போரின் ஐயங்களுக்கு எழுத்துப்பூர்வ விடை கோரும் மனு

அனுப்புநர்: வீட்டுமனை உரிமையாளர்கள் சங்கம்

பெறுநர்: வணிகவரி மற்றும் பதிவுத்துறைச் செயலாளர், தமிழ்நாடு அரசு, பதிவுத்துறைத் தலைவர், நில நிர்வாக ஆணையர், நில அளவை மற்றும் நிலவரித் திட்ட இயக்குநர், சென்னை

பொருள்: அசையாச் சொத்து விற்பனை – பொதுமக்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் – பதிவுக்கு முன்பே அலுவலக அளவில் விடை வழங்குதல் – தொடர்பாக.



தமிழ்நாட்டில் மனையோ வீடோ வாங்கும் ஒருவர் தம் வாழ்நாள் சேமிப்பின் பெரும்பகுதியை ஒரு கிரயப் பத்திரத்தை நம்பிக் கொடுக்கிறார். ஆனால் அந்தப் பத்திரம் எதற்கு உறுதி, எதற்கு உறுதியன்று என்பதை அவருக்கு முன்கூட்டியே எடுத்துச் சொல்லும் பொறுப்பை எந்த அலுவலகமும் ஏற்பதில்லை. பதிவுத்துறை ஆவணத்தைப் பதிகிறது, வருவாய்த்துறை பட்டாவைப் பராமரிக்கிறது, உரிமை யாருடையது என்பதை உரிமையியல் நீதிமன்றம் தீர்மானிக்கிறது. இம்மூன்றுக்கும் நடுவே நிற்பவருக்குத் தரகரும் ஆவண எழுத்தரும் அவரவர் அறிந்த அளவில் விடை சொல்கின்றனர். சட்டத்தில் தெளிவாக உள்ள விடைகூடச் சார்பதிவாளர் அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் இல்லை என்பதே இச்சங்கத்தின் முதற்குறை.

முன்பணம் கொடுத்து விற்பனை ஒப்பந்தம் எழுதிவிட்டால் சொத்து வாங்குபவருடையதாகிவிடுமா என்பது மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு, ஒப்பந்தம் தன்னளவில் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது என்றும், நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலம், கட்டடம் ஆகியவற்றின் விற்பனை பதிவு செய்யப்பட்ட ஆவணத்தால் மட்டுமே நிறைவேறும் என்றும் கூறுகிறது. விற்பனை ஒப்பந்தமும் அசையாச் சொத்து தொடர்பான அதிகார ஆவணமும் தமிழ்நாட்டில் 01.12.2012 முதல் கட்டாயமாகப் பதியப்பட வேண்டியவையாக இருந்தும், வெள்ளைத்தாளிலோ இருபது ரூபாய் முத்திரைத்தாளிலோ கையெழுத்து வாங்கிக்கொண்டு இலட்சக்கணக்கில் பணம் கைமாறுவது இன்றும் நிற்கவில்லை. அதிகார ஆவணத்தைக் கொண்டே விற்பனையை முடித்ததாகக் கருதும் வழக்கத்தை உச்ச நீதிமன்றம் 2011-இல் ஏற்க மறுத்த பின்னரும், 'பவர் வாங்கியாயிற்று, இனி இடம் நம்முடையது' என்ற பேச்சு மனைப்பிரிவுகளில் ஓயவில்லை.

பதிவு செய்யப்பட்டதாலேயே விற்றவருக்கு உரிமை இருந்ததாகப் பொருளாகுமா என்ற கேள்வியோடு வருவோருக்கு ஒரே சொல்லில் 'இல்லை' என்று விடை கூறவேண்டும். தமிழ்நாடு பதிவு விதிகளில் 55-ஏ என்ற விதியின் கீழ் மூல ஆவணம் கேட்டுப் பதிவை மறுத்ததை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் செல்லாது என்று அறிவித்தபோது, எழுதிக் கொடுப்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராயும் அதிகாரத்தை 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சார்பதிவாளருக்கு வழங்கவில்லை என்று தெளிவுபடுத்தியது. அதன்பின் மூல ஆவணத்தை வலியுறுத்தும் திருத்தத்தைச் சட்டப்பேரவை நிறைவேற்றியிருப்பினும், மூலப் பத்திரத்தைப் பார்ப்பது வேறு, உரிமைக்கு உறுதியளிப்பது வேறு. உரிமையை அரசு உறுதி செய்வதில்லை என்ற இச்செய்தியைப் பெரிய எழுத்தில் ஒவ்வொரு அலுவலகத்திலும் வைக்க வேண்டும் என்று சங்கம் கோருகிறது. கட்டணம் பெறும் இடத்திலேயே அது இருத்தல் நலம்.

வில்லங்கச் சான்று குறித்து விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. ஒரு சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம், தானம், பாகப்பிரிவினை முதலியவற்றின் பட்டியலே வில்லங்கச் சான்று. பதிவு அலுவலகத்தின் முதலாம் புத்தகத்தில் ஏறியவை மட்டும் அதில் இடம்பெறுகின்றன. உயில் மூன்றாம் புத்தகத்தில் பதியப்படுவதால், முறையாகப் பதிவு செய்த உயில்கூடச் சான்றில் தெரியாது. பதிவு செய்யாத உயிலைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. வாய்மொழிப் பாகப்பிரிவினையும், தந்தையின் இறப்பால் பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்த பங்கும் அதில் வாரா. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் பங்குண்டு என்பது 2005-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தத்தாலும், அதை விளக்கிய 2020-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பாலும் உறுதிப்பட்டுள்ள நிலையில், மகள்களின் கையெழுத்தின்றி மகன்கள் மட்டும் எழுதிக் கொடுத்த கிரயம் சான்றில் எந்தக் குறையுமற்ற கிரயமாகவே காட்சியளிக்கும். நிலுவையிலுள்ள வழக்கும் சான்றில் தெரியாது. வழக்கு நடக்கும்போது சொத்தை வாங்குபவர் அதை அறியாதிருந்தாலும் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவரே என்பது சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு நிலைநாட்டும் விதி. ஆயினும் நீதிமன்றங்களின் இணையத் தளத்தில் வழக்காடுபவரின் பெயரைக் கொண்டு தேட முடிகிறதே தவிர, சர்வே எண்ணைக் கொண்டு தேட வழியில்லை. ஆகவே வில்லங்கச் சான்றின் முகப்பிலேயே அச்சான்று எவற்றைக் காட்டாது என்பதை எளிய தமிழில் அச்சிட வேண்டும் என்பதும், சொத்து வழக்குகளின் சர்வே எண்களை நீதிமன்றங்களிடமிருந்து பெற்றுப் பதிவேட்டில் குறிப்பாகச் சேர்க்க உயர் நீதிமன்றத்துடன் கலந்து ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதும் இச்சங்கத்தின் தலையாய கோரிக்கைகள். முதலாவதை நிறைவேற்றச் சட்டத்திருத்தம் எதுவும் தேவையில்லை, அச்சுப் படிவத்தை மாற்றினால் போதும்.

பட்டா உரிமை ஆவணமா என்ற ஐயமும் தீர்க்கப்பட வேண்டியது. பட்டா என்பது நிலவரிக்கு உரியவர் யார் என்பதைக் காட்டும் வருவாய்ப் பதிவேயன்றி உரிமையை உருவாக்குவதன்று. எனினும் விற்பவரின் பெயரில் பட்டா இல்லாத நிலத்தை வங்கி அடமானமாக ஏற்கத் தயங்குகிறது, வாங்குபவரும் தயங்குகிறார். முழுச் சர்வே எண்ணையும் ஒருவரே வாங்கும்போது உட்பிரிவு தேவையில்லாததால் பெயர் மாற்றம் எளிதாகிறது. ஒரு ஏக்கரில் பத்துச் சென்ட் வாங்குபவரின் நிலை வேறு. பதிவின்போது பத்திரத்தில் நான்கு எல்லைகளும் அளவும் எழுதப்படுகின்றன. நில அளவர் பிறகு களத்துக்கு வந்து புல வரைபடத்தோடு ஒப்பிடும்போது அண்டை நிலத்தின் வேலி, வண்டிப்பாதை, வாய்க்கால் புறம்போக்கு ஆகியவை அளவைக் குறைத்துவிடுகின்றன. அதற்குள் பணமும் முத்திரைத் தீர்வையும் கைவிட்டுப் போயிருக்கும். ஒரு சர்வே எண்ணின் பகுதியை விற்கும் நேர்வுகளில் பதிவுக்கு முன்பே நில அளவரின் உட்பிரிவு வரைபடத்தைப் பெற்று ஆவணத்துடன் இணைக்கும் வசதியை, விரும்புவோர் கட்டணம் செலுத்திப் பெறக்கூடிய சேவையாகவேனும் ஏற்படுத்த வேண்டும். காலவரம்பும் அத்துடன் நிர்ணயிக்கப்படல் வேண்டும்.

பதிவு மறுக்கப்படும்போது காரணம் வாய்மொழியாகவே சொல்லப்படுவதாகப் பல உறுப்பினர்கள் முறையிடுகின்றனர். பதிவுச் சட்டத்தின் 71-ஆம் பிரிவு, மறுப்புக்கான காரணத்தை எழுதி இரண்டாம் புத்தகத்தில் பதியச் சார்பதிவாளரைப் பணிக்கிறது. 72-ஆம் பிரிவு அந்த ஆணைக்கு எதிராக 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வழி தருகிறது. எழுத்தில் ஆணை இல்லாதவருக்கு மேல்முறையீடும் இல்லை. 'நாளைக்கு வாருங்கள்' என்பதற்கு மேல்முறையீடு செய்ய எந்தச் சட்டமும் இடம் தரவில்லை. கோயில் நிலம், அரசு நிலம், அங்கீகாரமற்ற மனை என எக்காரணமாயினும், மறுப்பாணையின் படியை அன்றே வழங்க வேண்டும்.

போலி ஆவணத்தை மாவட்டப் பதிவாளரே இரத்து செய்ய வகை செய்த, பதிவுச் சட்டத்தின் 77-ஏ பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் அரசமைப்புக்கு முரணானது என அறிவித்தது. உரிமையியல் நீதிமன்றத்தை நாடும் வழியில் காலமும் செலவும் மிகுதி. எனவே வந்தபின் இரத்து செய்வதைக் காட்டிலும் வரும்போதே அறிவிப்பது மேல். ஒரு சர்வே எண்ணில் ஏதேனும் ஆவணம் பதிவுக்குத் தாக்கலானவுடன், அந்த எண்ணுக்குரிய பட்டாதாரரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி செல்லும் முறை தேவை. அயலூரிலும் வெளிநாட்டிலும் வாழும் உரிமையாளர்களுக்கு இதைவிடப் பயனுள்ள காவல் வேறில்லை.

செலவு குறித்த கேள்விகளுக்கான விடை எளியது. விற்பனைக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் ஆகையால், வழிகாட்டி மதிப்பு அல்லது விற்பனைத் தொகை ஆகிய இரண்டில் அதிகமான தொகை 30 இலட்சமாயின் 2,70,000 ரூபாய் ஆகும். விற்பனைத் தொகை 50 இலட்சத்தை எட்டினால் அதில் 1 விழுக்காட்டை வருமான வரியாகப் பிடித்துச் செலுத்தும் கடமையும் வாங்குபவருடையது. இக்கணக்கு அலுவலகப் பலகையில் ஓர் எடுத்துக்காட்டுடன் இருந்தால், சில்லறைச் செலவு என்ற பெயரில் கேட்கப்படும் கூடுதல் தொகையை மக்கள் அடையாளம் கண்டுகொள்வர்.

மேற்கண்டவற்றுள் அறிவிப்புப் பலகை, வில்லங்கச் சான்றுப் படிவம், எழுத்து மறுப்பாணை ஆகிய மூன்றையும் துறைச் சுற்றறிக்கையால் உடனே நடைமுறைப்படுத்தவும், உட்பிரிவு வரைபடம், குறுஞ்செய்தி, வழக்குக் குறிப்பு ஆகியவற்றுக்குப் பதிவுத்துறையும் நில அளவைத் துறையும் கூடிப் பேசும் கூட்டத்தில் இச்சங்கத்தின் பிரதிநிதிகளையும் அழைக்கவும் சங்கம் வேண்டுகிறது. எடுக்கப்படும் முடிவையும், ஏற்கப்படாத கோரிக்கை இருப்பின் அதற்கான காரணத்தையும் எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்ளப்படுகிறது.

தலைவர், செயலாளர்
வீட்டுமனை உரிமையாளர்கள் சங்கம்